செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரிதான் குற்றவாளியா?

போன இதழில் மழைக்கால வண்டிப் பராமரிப்பு பற்றி எழுதும்போது, "பேட்டரியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். செயினுக்கும் பிரேக்குக்கும் மாங்கு மாங்கென்று எழுதிய இரண்டு பக்கத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை, அந்த ஒரு வரிக்குத்தான் கடிதம் குவிந்திருக்கிறது. சரி, இந்தத் தடவை முழுக்க பேட்டரிதான். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று நிறைய பேர் எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

மதுரை வாசகர்: சார், ஆறு வருடமான 150 சிசி வண்டி. பத்து நாளாகக் காலையில் செல்ஃப் அழுத்தினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. கிக்கரை உதைத்தால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடு என்கிறார் மெக்கானிக். எந்தக் கம்பெனி பேட்டரி வாங்கலாம்?

கம்பெனிக்கு அப்புறம் வருகிறேன் தம்பி, முதலில் பேட்டரி செத்துவிட்டது என்று எப்படி முடிவு செய்தார்கள்? அந்த 'டிக் டிக்' ஸ்டார்ட்டர் ரிலேயின் சத்தம். மோட்டாரைச் சுற்றுகிற அளவுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பேட்டரியில் கரண்ட் இல்லாமல் இருக்கலாம், இருந்தும் வழியில் நின்றுபோயிருக்கலாம். டெர்மினல் போல்ட் அரைச் சுற்று தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான், நெகட்டிவ் ஒயர் சேஸியில் சேருகிற இடத்தில் துரு ஏறியிருந்தாலும் இதேதான். ஆகவே செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். சீட்டைக் கழற்றி இரண்டு டெர்மினலையும் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் இறுக்குங்கள், பாதி கடிதங்களுக்குப் பதில் அங்கேயே முடிந்துவிடும்.

அது சரியாக இருந்தால் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதா மீட்டர் போதும், டிசி 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது மூன்று நேரத்தில்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் ஒரு தடவை. நல்ல பேட்டரி 12.6, 12.7 காட்டும், சீல் செய்தது 12.8-கூடக் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. வண்டி ஓட்டி வந்த கையோடு அளந்து 13 இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், அது மேலோட்டமாக ஏறிய சார்ஜ், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

அடுத்து செல்ஃப் அழுத்தும்போது. மீட்டர் கம்பிகளை டெர்மினலில் பிடித்தபடியே இன்னொருவரை அழுத்தச் சொல்லுங்கள். வோல்ட் இறங்கத்தான் செய்யும், ஆனால் 10 பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.6 இருந்தது, அழுத்தியதும் 7-க்கும் 6-க்கும் விழுகிறது என்றால் உள்ளே ஒரு செல் போய்விட்டது. 12 வோல்ட் பேட்டரி என்பது இரண்டிரண்டு வோல்ட்டாக ஆறு செல் வரிசையாகச் சேர்ந்தது, ஒன்று படுத்தால் மற்ற ஐந்தும் சேர்ந்து தூக்க முடியாது. இந்த நிலையில்தான் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவதைத்தான் யாருமே பார்ப்பதில்லை. என்ஜின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, நாலாயிரம் ஆர்பிஎம் சுற்றில் வைத்து அளந்தால் 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12.5-லேயே நிற்கிறது என்றால் சார்ஜ் ஏறவில்லை, கரண்ட் உண்டாக்குகிற மேக்னட் காயிலோ, அதைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு அனுப்புகிற ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டோ போயிருக்கிறது. 15-ஐத் தாண்டினால் அதைவிட மோசம், அந்த வண்டி பேட்டரியை வறுத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் எந்தக் கம்பெனி பேட்டரியைப் போட்டாலும் அது நிற்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டறை வைத்த புதிதில் ஒருவருக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வாரண்டியில் இன்னொன்று வாங்கிப் போட்டேன், அதுவும் வயிறு உப்பிப்போய் வந்தது. கடைசியில் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து மீட்டரை வைத்தார், முறுக்கியதும் 15.8. ஆர்.ஆர். யூனிட்டை மாற்றிய பிறகு போட்ட மூன்றாவது பேட்டரிக்கு நான் காசு வாங்கவில்லை. வாங்கவும் முடியாது, அந்த அண்ணன் பார்த்த பார்வை அப்படி. அதிலிருந்து, பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் நான் புதியதை மாட்டுவதில்லை.

உங்கள் விஷயத்தில் ஆறு வருடம் ஓடியிருக்கிறது என்கிறீர்கள். நடுவில் மாற்றவே இல்லை என்றால் அது தன் ஆயுளை முடித்துவிட்டுத்தான் போகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் ஊர் வெயிலில் மூன்று நாலு வருடம் உழைத்தாலே நல்ல பேட்டரிதான். கம்பெனி விஷயம்: எக்ஸைடு, அமரான், எஸ்.எஃப். சோனிக் (இதுவும் எக்ஸைடு வீட்டுப் பிள்ளைதான்), டாடா கிரீன் என்று கடையில் இருக்கிற நாலைந்து பெயருக்குள் எது என்பதில் நான் தலையை உடைத்துக்கொள்ள மாட்டேன். எந்த டீலர் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார், பழுது என்று போனால் யார் முகம் கொடுத்துப் பேசுகிறார், யாரிடம் சரக்கு சீக்கிரம் விற்றுத் தீர்கிறது, இந்த மூன்றும்தான் பெயரைவிட முக்கியம்.

கோவை வாசகர்: என் வண்டியில் 5 ஆம்பியர் பேட்டரி இருக்கிறது. கொஞ்சம் காசு போட்டு 9 ஆம்பியர் போட்டால் செல்ஃப் நன்றாக எடுக்கும், ஹார்னும் கணீரென்று அடிக்கும் என்கிறார் நண்பர். போடலாமா?

நண்பர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் குழாயில் வருகிற தண்ணீர் கூடிவிடுமா என்று கேளுங்கள். ஆம்பியர் என்று கடையில் சுருக்கமாகச் சொல்வது உண்மையில் ஆம்பியர்-மணி, அதாவது எவ்வளவு சேமித்து வைக்கலாம் என்ற கொள்ளளவு. உங்கள் வண்டியின் மேக்னட் காயில் கொடுப்பது பழைய அளவுதான். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் பெரிய பேட்டரியைப் போட்டால் அது என்றைக்குமே நிரம்பாது, எப்போதும் முக்கால் வயிற்றோடு கிடக்கும். முக்கால் வயிற்றோடு கிடக்கிற லெட் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும், காரணம் கீழே ராமநாதபுரம் பதிலில் இருக்கிறது. ஹார்ன் 12 வோல்ட்டில்தான் அடிக்கிறது, 9 ஆம்பியர் போட்டாலும் அதே 12 வோல்ட்தான்.

அதைவிடப் பெரிய தொல்லை இடம். பெட்டிக்குள் அடங்காததை மெக்கானிக் ரப்பரை வெட்டி, கிளிப்பை வளைத்து எப்படியோ உட்கார வைத்துவிடுவார். சீட்டைப் போட்டு மேலே ஆள் உட்கார்ந்ததும் சீட்டுக்கு அடியில் இருக்கிற இரும்புத் தகடு இரண்டு டெர்மினலையும் தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-யையே எடுத்துக்கொள்ளுங்கள், பழைய யுசிஇ என்ஜின் வண்டிகள் பலவற்றுக்கு 14 ஆம்பியர், 2021-ல் வந்த புது என்ஜின் வண்டிக்கு 8 ஆம்பியர். பெயர் ஒன்று, வயிறு வேறு. பழைய பேட்டரியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், புதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் ஒன்றாக இருக்க வேண்டும், முக்கியமாக பிளஸ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் இருக்க வேண்டும். அளவு ஒன்றாகவே இருந்து பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிய மாடல்கள் கடையில் உண்டு. ஒயர் எட்டவில்லை என்று இழுத்து மாட்டினால் ஒரு நாள் அறுந்துவிடும், அவசரத்தில் மாற்றி மாட்டினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம், ஆர்.ஆர். யூனிட்டும், என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசியூவும் சேர்ந்து போய்விட்டால் பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு கைமாறும்.

திருநெல்வேலி வாசகி: அண்ணா, என்னுடையது ஸ்கூட்டர். கடையில் ஆசிட் பேட்டரியா டிரை பேட்டரியா என்று கேட்டார்கள், முழித்தேன். எது நல்லது? ஆசிட் பேட்டரியில் வீட்டு ஃபில்டர் தண்ணீர் ஊற்றலாமா?

டிரை பேட்டரி என்று ஊரெல்லாம் சொன்னாலும் அது உலர்ந்தது இல்லை தங்கச்சி, அதற்குள்ளும் அதே கந்தக அமிலம்தான். தளும்பாமல் கண்ணாடி நார் மெத்தையில் ஊறிப்போய் இருக்கிறது, அவ்வளவுதான். மூடியைத் திறக்கக் கூடாது, தண்ணீர் விடக் கூடாது, ஆயுள் முடியும் வரை தொடாமல் இருந்தால் போதும். உங்கள் ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து வரும்போதே சீல் செய்த பேட்டரியோடுதான் வந்திருக்கும், அதையே போடுங்கள். விலை குறைவு என்று அந்த இடத்தில் ஆசிட் பேட்டரி வைக்கக் கூடாது, ஏனென்றால் ஆசிட் பேட்டரிக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும், வாயுவும் அமிலச் சொட்டும் அது வழியாக வண்டிக்கு அடியில் போக வேண்டும். சீல் பேட்டரிக்கு என்று செய்த பெட்டியில் அந்தக் குழாய்க்கு வழியே இருக்காது. குழாய் மடங்கியோ காணாமலோ போன பைக்குகளைப் பார்த்திருக்கிறேன், பேட்டரிக்குக் கீழே சேஸி பெயிண்ட் உரிந்து பொருக்கு பொருக்காக நிற்கும்.

தண்ணீர் கேள்விக்கு வருகிறேன், இதை ஆசிட் பேட்டரி வைத்திருக்கிறவர்கள் படிக்கட்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பெட்ரோல் பங்க்கிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். ஃபில்டர் தண்ணீர், கேன் தண்ணீர், மினரல் வாட்டர் எதிலும் உப்பு இருக்கிறது, குடிக்க அது நல்லது, பேட்டரிக்கு விஷம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமே என்று சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், அது தூசியையும் செம்பு அலுமினியத்தையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர், துணி அலசப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, மட்டம் குறைந்தால் குறைந்தது தண்ணீர்தான், ஆசிட் ஆவியாகாது. ஆகவே ஆசிட் ஊற்றக் கூடாது. பக்கத்தில் இரண்டு கோடு இருக்கிறது பாருங்கள், மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். சித்திரை, வைகாசியில் மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும், மற்ற மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

ராமநாதபுரம் வாசகர்: நான் துபாயில் இருக்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிறேன். வந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் பேட்டரி காலி, ஒவ்வொரு தடவையும் புதுசு. தம்பியிடம் சொல்லி வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடச் சொல்கிறேன், அப்படியும் இப்படி ஆகிறது.

தம்பி பாவம், அவர் செய்வதுதான் பாதிக் காரணம். செல்ஃப் அடிப்பது சில நொடிதான் என்றாலும் அந்த நொடிகளில் பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட் போகிறது. அப்புறம் ஐடிலில் ஐந்து நிமிடம் நிற்கிற என்ஜின் திருப்பித் தருவது மிகக் குறைவு, ஹெட்லைட் வேறு எரிந்துகொண்டிருக்கும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் என்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது, பகல் இரவு எப்போதும் எரியும். வாராவாரம் நூறு ரூபாய் எடுத்து அறுபது ரூபாய் போட்டால் கணக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. ஓட்டுவதாக இருந்தால் தம்பி அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும், முடியாது என்றால் தொடாமல் விட்டுவிடுவதே மேல்.

சும்மா நின்றாலும் பேட்டரி ஏன் போகிறது என்று கேட்பீர்கள். சாவி எடுத்த பிறகும் மீட்டரில் கடிகாரம் ஓடுகிறது, சிலர் ஜிபிஎஸ் கருவியும் திருட்டு அலாரமும் மாட்டியிருப்பார்கள். கருவி 5 மில்லி ஆம்பியர்தான் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரி 3 ஆம்பியர் என்றால் இருபத்தைந்தே நாளில் துடைத்து வைத்ததுபோல் காலி. எதுவும் மாட்டாவிட்டாலும் பேட்டரி தனக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயிலில் நின்றால் இன்னும் வேகமாக.

இறங்கினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே என்றால் அங்கேதான் சிக்கல். பேட்டரி இறங்கும்போது உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளின் மேல் லெட் சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து மறுபடி ஈயமும் அமிலமுமாகப் பிரிந்துவிடும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் கட்டி தட்டிக் கல்லாகிவிடும், அதற்கு மேல் சார்ஜரை எத்தனை நாள் மாட்டினாலும் கரையாது. கெட்டிலின் அடியில் உப்புப் படிவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன் பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, கழற்றி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல். அது முடியாவிட்டால் மைனஸ் ஒயரையாவது கழற்றிவிடுங்கள். தம்பியை வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜரில் மாட்டச் சொல்லுங்கள். சார்ஜர் பைக் பேட்டரிக்கானதாக இருக்கட்டும். ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் ஏற்றுவதுதான் வழக்கம், 5 ஆம்பியர் பேட்டரிக்கு அரை ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். கார் கடையில் கொடுத்து ஒரு மணி நேரத்தில் ஏற்றி வாங்கினால் சூடாகி உப்பிவிடும்.

சென்னை, உணவு டெலிவரி செய்யும் வாசகர்: அண்ணே, என் பைக்கில் கிக்கரே கிடையாது. பதினாலு மாதத்தில் பேட்டரி போய்விட்டது. 48 மாதம் வாரண்டி என்று வாங்கினேன், இப்போது கடைக்காரர் இழுத்தடிக்கிறார். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

உங்கள் கார்டில் 24+24 என்று போட்டிருந்தால் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். முதல் 24 மாதத்துக்குள் பழுது என்றால் இலவசமாக வேறொன்று, அடுத்த 24 மாதத்துக்குள் என்றால் புதியதன் விலையில் கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவுதான். 48 மாதமும் ஓசி என்று யாரும் எழுதித் தருவதில்லை, வாய்ச்சொல்லில்தான் அப்படி இருக்கும். நீங்கள் பதினாலாவது மாதத்தில் இருக்கிறீர்கள், முதல் பாதிக்குள்தான். பில்லும், கடை சீல் வைத்து வண்டி எண்ணும் தேதியும் எழுதிய கார்டும், பேட்டரி மேல் இருக்கிற வரிசை எண்ணும் ஒத்துப்போனால் கடைக்காரர் வாங்கி டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். அவர் இழுத்தால் கார்டிலேயே கம்பெனியின் கட்டணமில்லா எண் இருக்கும், நேராக அங்கே புகார் பதிந்துவிடுங்கள். கம்பெனி ஆள் வந்து பார்ப்பார். ஒன்றை மனதில் வையுங்கள்: வெறுமனே இறங்கிப்போன பேட்டரியை சார்ஜ் ஏற்றித் திருப்பித் தருவார்கள், செல் பழுதானால்தான் மாற்றித் தருவார்கள். மாற்றித் தருகிற பேட்டரிக்கும் பெரும்பாலும் பழைய தேதியிலிருந்தே வாரண்டி ஓடும்.

கார்டு இல்லாமல் வாங்கியிருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது தம்பி.

இப்போது உங்கள் ஓட்டத்துக்கு வருவோம். ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை நிறுத்தி எடுப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் செல்ஃப். போன் நாள் முழுக்க சார்ஜரில். பைக்கில் கூடுதலாக ஃபாக் லைட் மாட்டியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன், சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது காயில் தருவதைவிட அது குடிப்பது அதிகமாகிவிடும். ஆர்டருக்காகக் காத்திருக்கும்போது சாவியை ஆஃப் செய்துவிட்டுக் காத்திருங்கள், சாவி ஆனில் இருந்து என்ஜின் ஓடாவிட்டால் போன் சார்ஜும் மற்றதும் நேராக பேட்டரியிலிருந்துதான். வாரத்தில் ஒரு நாள் ராத்திரி சார்ஜரில் போட்டு வையுங்கள், உங்களைப் போல உழைக்கிறவர்களுக்கு பைக் சார்ஜர் வாங்குவது வீண் செலவு இல்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டதால், பேட்டரி சுத்தமாகக் காலியானால் தள்ளி ஸ்டார்ட் செய்கிற பழைய வித்தை நிறைய வண்டிகளில் பலிப்பதில்லை. பெட்ரோல் பம்ப் ஓடவும் இசியூ விழிக்கவும் கொஞ்சமாவது வோல்ட் வேண்டும். ஆகவே செல்ஃப் ஒரு காலையில் சோம்பலாகச் சுற்றினாலே நேரம் ஒதுக்கி அளந்து பாருங்கள், நடு ரோட்டில் நின்ற பிறகு பார்த்தால் கையில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும்.

ஈரோடு வாசகர்: லித்தியம் பேட்டரி போடலாமா? நாலு மடங்கு விலை சொல்கிறார்கள், பத்து வருடம் வரும் என்கிறார்கள்.

பைக்குக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. கையில் தூக்கினால் காலி டப்பாபோல இருக்கும், எடை அவ்வளவு குறைவு, ரேஸ் ஓட்டுகிறவர்கள் அதற்காகத்தான் போடுகிறார்கள். நின்ற இடத்தில் சீக்கிரம் இறங்காது என்பதும் உண்மை. ஆனால் சார்ஜிங் 14.6-ஐத் தாண்டினால் அதற்கு ஆகாது, பழைய வண்டியின் ஆர்.ஆர். யூனிட் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளுமா என்று பார்க்க வேண்டும். சார்ஜரும் தனி. டப்பாவில் போட்டிருக்கிற ஆம்பியர் சில சமயம் உண்மையான கொள்ளளவு இல்லை, 'இத்தனை ஆம்பியர் லெட் பேட்டரிக்குச் சமம்' என்று போட்டிருப்பார்கள், ஸ்டார்ட் செய்யும் பலத்தில்தான் சமம், விளக்கு எரிய விடும் நேரத்தில் இல்லை. தினசரி ஆபீஸ் போய் வருகிற வண்டிக்கு அந்தக் காசில் இரண்டு டயர் மாற்றலாம் என்பேன்.

விழுப்புரம் வாசகர்: புது பேட்டரி வாங்கும்போது அது உண்மையிலேயே புதுசுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி, இதை ஏனோ ஒருவர்தான் கேட்டிருக்கிறார். கடை அலமாரியில் இருக்கிற சீல் பேட்டரியும் மாதாமாதம் கொஞ்சம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பேட்டரி மேல் தயாரிப்பு மாதமும் வருடமும் குறியாக அச்சிட்டிருக்கும், புரியவில்லை என்றால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் அடுத்த கடை. ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் நான் எடுக்க மாட்டேன். எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், 12.6-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

ஆசிட் பேட்டரி என்றால் வேறு கதை. அது கடையில் காய்ந்த நிலையில் இருக்கும், வாங்கும்போதுதான் ஆசிட் ஊற்றுவார்கள். ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டி "ஓட்டுங்க, தானா ஏறிடும்" என்பார்கள், நம்பாதீர்கள். ஊற்றிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஊற வேண்டும், அப்புறம் குறைந்த கரண்டில் சில மணி நேரம் முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த முதல் சார்ஜைச் சரியாக வாங்காத பேட்டரியைப் பிறகு முழுசாக நிரப்புவது கஷ்டம். காலையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சுரண்டிவிடலாமா?

சுரண்ட வேண்டாம், அது அமிலக் கசிவால் வந்த உப்பு, கண்ணில் தெறிக்கும். ஒயரைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும், ஆசிட் பேட்டரி என்றால் சோடா மூடி வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் இறுக்கிவிட்டு மேலே வாஸ்லின் பூசுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மாற்றிச் செய்தால், பிளஸ்ஸில் இருக்கிற ஸ்பேனர் சேஸியைத் தொட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். என் பழைய பத்து நம்பர் ஸ்பேனரில் அப்படிக் கருகின தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது.

காரைக்குடி வாசகர்: அப்பாவின் பழைய யெஸ்டி பைக்கைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி போட்டால் லைட் பிரகாசமாக எரியுமே?

ஒரு நிமிடம் பிரகாசமாக எரியும், அப்புறம் எல்லா பல்பும் போய்விடும். அது 6 வோல்ட் வண்டி. பேட்டரி, பல்பு, ஹார்ன், டைனமோ, ரெகுலேட்டர் எல்லாமே ஆறுக்கு ஏற்றது. மூன்று செல் உள்ள 6 வோல்ட் பேட்டரி இன்றும் கிடைக்கிறது, பழைய வண்டி பார்க்கிற மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போய் வந்ததை எழுதுங்கள்.

வேலூர் வாசகி: பழைய பேட்டரியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால் கடையைவிட அதிகம் தருகிறார். போட்டுவிடலாமா?

பத்து இருபது ரூபாய் கூடக் கிடைக்கும்தான். ஆனால் அது எங்கே போய் எப்படி உடைபடுகிறது என்று தெரியாது. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்குகிற இடங்கள் இருக்கின்றன, அந்தப் புகை முதலில் பாதிப்பது பக்கத்தில் விளையாடுகிற குழந்தைகளைத்தான், ஈயம் உடம்புக்குள் போனால் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். பழையதைத் திருப்பி வாங்கி முறையாக மறுசுழற்சி செய்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. புதியதை வாங்குகிற கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள், பில்லில் அந்தத் தொகையை எழுதச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: பேட்டரி மாற்றியதும் மீட்டரில் நேரம் தப்பாகக் காட்டுகிறது, டிரிப் மீட்டரும் பூஜ்யமாகிவிட்டது. ஓடிய மொத்தக் கிலோமீட்டரும் இப்படி அழிந்துவிடுமா?

கடிகாரத்தை மறுபடி வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் போனால் சில வண்டிகள் அதை மறந்துவிடும். ஓடோமீட்டர் மறக்காது, பேட்டரியை எத்தனை தடவை கழற்றினாலும் அந்த எண் அங்கேயேதான் இருக்கும். வண்டியை விற்கிற யோசனையில் கேட்டிருந்தால் ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும்.